லாரி சேசிஸைச் சுருக்குவது: வெல்டிங்குக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

கடலூர், பண்ருட்டி, பாகூர் பக்கம் பழைய லாரி சேசிஸ் ஒன்று விலைக்கு வந்தால் அது ரொம்ப நாள் சும்மா கிடக்காது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லருக்கு ஒருவர் கேட்பார். முந்திரித் தோப்புக்குத் தண்ணீர் டேங்க் வண்டி செய்ய இன்னொருவர் கேட்பார். புதுச்சேரியின் குறுகலான தெருக்களில் சரக்கு இறக்குகிற ஒருவர், தன்னிடம் இருக்கும் நீளமான டாடா 407 லாரியைக் கொஞ்சம் குட்டையாக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். எல்லாருக்கும் சிக்கல் ஒன்றுதான். நீளம் அதிகம்.

முன்பெல்லாம் இதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இப்போது கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவில் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வந்துவிட்டது, வீட்டு சிங்கிள் ஃபேஸிலேயே ஓடுகிறது. கிரைண்டர் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் யோசனை இப்படிப் போகிறது: நடுவில் ரெண்டடி அறுத்து எடுத்துவிட்டு, ரெண்டு துண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டால் ஆயிற்று.

இந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த வெல்டிங் ராடு, எத்தனை ஆம்பியர் என்பதைத்தான். நான் பார்த்தவரை, சேசிஸ் உடைகிறதா நிற்கிறதா என்பதை ராடு தீர்மானிப்பதில்லை. எங்கே வெட்டுகிறோம் என்பதே தீர்மானிக்கிறது. இன்னும் சொல்லப்போனால், பெரும்பாலான லாரிகளில் நீளச் சட்டத்தில் ஒரு அங்குலம்கூட வெல்டிங் போடாமலே வண்டியைச் சுருக்கிவிடலாம். அது எப்படி என்று புரிய, சேசிஸ் எப்படி எடையைத் தாங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

லாரி சேசிஸ் என்பது ஏணி வடிவம். நெடுக ஓடும் இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். நீளச் சட்டம் சி வடிவத்தில் மடித்த தகடு. நின்றுகொண்டிருக்கும் நடுத்தகடு ஒன்று, மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு. மடிப்பைப் பட்டறையில் ஃபிளேஞ்ச் என்பார்கள். சரக்கு ஏறும்போது இரண்டு அச்சுகளுக்கு நடுவே சட்டம் கீழ்நோக்கி வளையப் பார்க்கும். அப்போது மேல் மடிப்பு நெருக்கப்படும், கீழ் மடிப்பு இழுக்கப்படும். சட்டத்தின் உயரத்தில் சரிபாதியில் நெருக்கமும் இல்லை, இழுப்பும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 மில்லிமீட்டர் உயரம், 65 மில்லிமீட்டர் மடிப்பு, 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள இரும்பில் சுமார் 40 சதவீதம்தான் இரண்டு மடிப்புகளிலும் சேர்ந்து இருக்கிறது. ஆனால் வளையாமல் எதிர்த்து நிற்கும் வேலையில் கிட்டத்தட்ட 70 சதவீதத்தை அந்த மடிப்புகளே செய்கின்றன. நடுத்தகட்டின் மத்தியில் 14 மில்லிமீட்டர் துளை போட்டால் சட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. அதே துளையைக் கீழ் மடிப்பில் போட்டால் அந்த மடிப்பின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், அதுவும் இழுப்பு உச்சத்தில் இருக்கும் இடத்தில். "மடிப்பில் துளை போடாதே, மடிப்பில் வெல்டிங் வைக்காதே" என்று எல்லா லாரி நிறுவனங்களும் பாடி கட்டுகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம் முறுக்கு. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது. இது குறை இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சி வடிவச் சட்டமும் ரிவிட் அடித்த இணைப்பும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, நான்கு சக்கரமும் தரையை விடாமல் பார்த்துக்கொள்கின்றன. அந்தச் சட்டத்தின் திறந்த பக்கத்தில் தகடு வைத்து, பெட்டி மாதிரி மூடி வெல்டிங் அடித்துவிட்டால் அந்த நீளம் மட்டும் முறுக்காது. முறுக்கு மாயமாகப் போய்விடுமா? போகாது. பெட்டி முடியும் இடத்தில், மறுபடி திறந்த சட்டம் தொடங்குமிடத்தில் மொத்தமும் போய்க் குவியும்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் இதை நேரிலேயே பார்த்தேன். அச்சை எல்லாம் கழற்றி மரக்கட்டைகள் மேல் வைத்திருந்தார்கள். எப்போதோ நடுவில் வெட்டி ஒட்டிய சேசிஸ். ஒட்டின இடத்துக்கு மேல் ஒரு முழ நீளத்துக்குத் தடிமனான தகடு வைத்து, நான்கு பக்கமும் சுற்றி வெல்டிங் போட்டிருந்தது. மேஸ்திரி கம்பி பிரஷ்ஷால் பெயின்ட்டையும் துருவையும் தேய்த்துவிட்டு டார்ச் அடித்தார்.

"ஒட்டின இடம் விட்டிருக்குமோண்ணே?"

"ஒட்டின இடம் நல்லாத்தான் இருக்கு தம்பி. தகடு முடியுற இடத்தைப் பாருங்க."

தகட்டின் விளிம்பை ஒட்டி, செங்குத்தாக ஓடின வெல்டிங்கின் அடிக்காலில், அதாவது வெல்டிங் முடிந்து சட்டத்தின் இரும்பு தொடங்கும் ஓரத்தில், மயிரிழை போல ஒரு கோடு. கீழ் மடிப்பில் தொடங்கி, நடுத்தகட்டில் கால்வாசி உயரம் ஏறியிருந்தது. ஒட்டின மூட்டு அப்படியே இருந்தது. பலப்படுத்துவதற்கென்று வைத்த தகடுதான் உடைத்திருக்கிறது.

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். ஒரே தடவை அதிக எடை ஏற்றி வரும் உடைப்பு வேறு, இது வேறு. தாங்கக்கூடிய விசைதான், ஆனால் லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும். வெல்டிங் போட்ட இணைப்புகளில் இந்த ஆயுள், விசையின் ஏற்ற இறக்கத்துக்கு மும்மடிப் பெருக்கத் தலைகீழ் விகிதத்தில் போகிறது. அதாவது, ஒரு மூட்டில் விசை இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். அதையே திருப்பிப் பாருங்கள். விசை பாதியாக இருக்கும் இடமாகப் பார்த்து மூட்டை வைத்தால் ஆயுள் எட்டு மடங்கு. எவ்வளவு கைதேர்ந்த வெல்டராலும் ராடை மாற்றி இவ்வளவு ஆதாயம் கொண்டுவர முடியாது. உயர்வலு எஃகு என்பதால் வெல்டிங்கும் அதிக நாள் தாங்கும் என்று நினைப்பதும் தவறு. வெல்டிங்கின் அடிக்காலில் சோர்வு ஆயுள், சாதா இரும்புக்கும் உயர்வலு எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, அப்படியானால் எங்கே வெட்டுவது?

பின்கடைசியில். பின் அச்சுக்கு அப்பால் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியின் முனையில் வளைவு விசை கிட்டத்தட்ட இல்லை. அங்கே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அறுத்து, கடைசிக் குறுக்குச் சட்டத்தை மட்டும் முன்னே கொண்டுவந்து போல்ட் போட்டுவிடலாம். பாடி நீளம் குறைந்தால் போதும் என்பவருக்கு வேலை இங்கேயே முடிந்துவிட்டது.

அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரமும் குறைய வேண்டும் என்றால், பின் அச்சை முன்னே தள்ளலாம். பெரும்பாலான லாரிகளில் கேபினுக்குப் பின்னாலிருந்து கடைசி வரை நீளச் சட்டம் நேராக, ஒரே உயரத்தில் ஓடுகிறது. ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் ஹேங்கர் பிராக்கெட்டுகளின் ரிவிட்டை எடுத்துவிட்டு, வேண்டிய தூரம் முன்னே நகர்த்தி, நடுத்தகட்டில் புதுத் துளை போட்டு உயர்வலு போல்ட்டால் இறுக்க வேண்டும். பிறகு பின்னால் மிஞ்சுவதை அறுத்துவிட வேண்டும். நீளச் சட்டம் நடுவே எங்கும் அறுபடாமல், தொழிற்சாலையில் வந்த மாதிரியே முழுசாக இருக்கும். ஒரே சேசிஸ் வடிவத்தில் பல நீளங்களில் லாரி விற்கும் நிறுவனங்களும் அச்சுக்கான துளைகளை வெவ்வேறு இடத்தில் போட்டுத்தான் அதைச் செய்கின்றன.

போல்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்ததுதான் வேண்டும். 8.8 என்றால் இழுவிசை வலு 800 மெகாபாஸ்கல், அதில் 0.8 பங்கு, அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். எண்ணே இல்லாத கடைப் போல்ட் இதில் பாதி தாங்கினால் பெரிது. துளை போல்ட்டுக்கு இறுக்கமாகப் பொருந்த வேண்டும், டிரில் பிட்டால்தான் போட வேண்டும், கேஸ் கட்டிங்கில் ஊதி ஓட்டை எடுக்கக் கூடாது. காலியான பழைய துளைகளை வெல்டிங் போட்டு அடைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படியே விட்டுவிடுவது நல்லது.

அச்சைத் தள்ளும்போது எடைக் கணக்கை மறந்துவிடக் கூடாது. நான் பார்த்த சுருக்கின வண்டிகளில் மிகவும் அபாயமானவை மோசமான வெல்டிங் உள்ளவை அல்ல, பாடியை அதே நீளத்தில் விட்டுவிட்டு அச்சை மட்டும் முன்னே தள்ளியவைதான். அச்சிடைத் தூரம் 4.2 மீட்டர் உள்ள வண்டி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் எடை மையம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. 4 டன் ஏற்றினால் அதில் 285 கிலோ போல முன் சக்கரத்துக்குப் போகும், மீதி பின்னால். இப்போது அச்சை 70 சென்டிமீட்டர் முன்னே தள்ளி 3.5 மீட்டர் ஆக்குகிறோம், பாடியைத் தொடவில்லை. எடை மையம் பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டது. அதே 4 டன் இப்போது முன் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் 450 கிலோவுக்கு மேல் தூக்கிவிடும். ஸ்டீயரிங் லேசாகும், ஈரச் சாலையில் திருப்பினால் வண்டி நேராகவே போகும். பாடியும் அந்த 70 சென்டிமீட்டரைப் பின்னாலிருந்து விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், சரக்கின் அளவும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 93ஆம் விதி, பின் அச்சுக்கு அப்பால் துருத்தும் நீளம் அச்சிடைத் தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 4.2 மீட்டருக்கு அது 2.52 மீட்டர், 3.5 மீட்டருக்கு 2.1 மீட்டர்தான்.

பிரேக் அடிக்கும்போது இன்னொரு மாற்றம். பின்னாலிருந்து முன்னே பாயும் எடை, அச்சிடைத் தூரம் குறையக் குறையக் கூடும். 4.2 மீட்டர் 3.5 ஆனால் அது 20 சதவீதம் அதிகம். பின் சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். பதிலுக்குக் கிடைக்கிற லாபம், வண்டி திரும்பும் வட்டம் ஆறில் ஒரு பங்கு போலச் சுருங்குவது. தெருவுக்குள் போகிற வண்டிக்கு அது பெரிய லாபம்தான், மறுக்கவில்லை.

நடுவில் வெட்டி ஒட்டியே தீர வேண்டிய வண்டிகளும் இருக்கின்றன. பிக்கப் வகைகளில் பல, பின் அச்சுக்கு மேலே சட்டம் வில்போல எழும்பி இறங்கும், அல்லது முன்னே அகன்று பின்னே குறுகும். அச்சை நகர்த்த இடமே இருக்காது. அங்கே வெட்டுதான் வழி. ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சட்டம் வெட்டி ஒட்டத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். நம் கடற்கரையில் இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் முந்தியது.

கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப் போகும் வண்டியின் சேசிஸில் ஐஸ் தண்ணீரும் உப்பும் நாள் தவறாமல் சொட்டுகின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும், வண்டிகள் சேற்றுத் தண்ணீரில் நின்றன. அந்தச் சேறு சட்டத்தின் கீழ் மடிப்பிலும், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கும் இடுக்குகளிலும் தங்கிவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் இடுக்கில் துரு வளர்ந்து, ரிவிட்டே நெளியுமளவு தகடுகளைப் பிரித்துத் தள்ளும். பெயின்ட் அடித்து விற்கிற சேசிஸில் இதை வெளியிலிருந்து காண முடியாது. சிறு சுத்தியலால் கீழ் மடிப்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துரு தின்ற இடத்தில் சத்தம் அமுங்கும், பொருக்கு உதிரும். அங்கே சுரண்டி, காலிப்பரால் தடிமன் பார்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தால் அந்தச் சேசிஸை விட்டுவிடுங்கள்.

எஃகின் ரகமும் முக்கியம். இணையத்தில் இந்த வேலையைக் காட்டும் காணொளிகளில் நிறைய அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே கனரக லாரிகளில் வெப்பப் பதனம் செய்த எஃகுச் சட்டங்கள் பரவலாக இருக்கின்றன. வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதனம் அந்த இடத்தில் போய்விடும், சுற்றி இருப்பதைவிட அந்தப் பட்டை மட்டும் மென்மையாகும். அந்தச் சட்டங்களில் வெல்டிங் கூடாது, மடிப்பில் துளை கூடாது என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். நம்மூர்ப் பழைய வண்டிகளில் சாதா இரும்போ, சற்று வலுக்கூட்டிய எஃகோதான் பெரும்பாலும். வெல்டிங்கை ஏற்கும் ரகங்கள். ஆனால் புது வண்டிகளில் தகடு மெலிந்து வலு கூடியிருக்கிறது. தயாரிப்பாளரின் பாடி கட்டும் கையேட்டில் அந்த மாடலுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்காமல் கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டாம்.

வெட்டை நேர்க்கோட்டில் போடக் கூடாது. நடுத்தகட்டில் 45 பாகை சாய்த்து வெட்டினால் 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு மூட்டின் நீளம் 283 ஆகும். நீளம் கூடியதைவிட முக்கியம், மேல் மடிப்பின் மூட்டும் கீழ் மடிப்பின் மூட்டும் ஒரே இடத்தில் வராமல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் போவது. இடது சட்டத்தின் வெட்டும் வலது சட்டத்தின் வெட்டும்கூட நேருக்கு நேர் வரக் கூடாது. கேபினுக்குப் பின்னால் பாடி தொடங்கும் இடம், பட்டை ஹேங்கர், குறுக்குச் சட்டம் சேரும் இடம், ஏற்கெனவே துளைகள் நெருங்கி இருக்கும் இடம் எல்லாவற்றையும் விட்டு விலகித்தான் வெட்டு. சேசிஸ் நம்பர் பெரும்பாலும் வலதுபக்க நீளச் சட்டத்தில் முன்பக்கம் பொறித்திருக்கும். அந்தப் பகுதியைத் தொடவே கூடாது.

கேஸ் கட்டிங் வேண்டாம், கட்டிங் வீல் போதும், சூடு குறைவு. வெட்டிய விளிம்புகளை வி வடிவத்தில் மொத்தம் 60 பாகை வருமாறு சீவி, அடியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒரு பக்கம் போட்டு முடித்ததும் மறுபக்கம் அடிவரை கிரைண்டரால் தோண்டி, சுத்தமான இரும்பு தெரிந்த பிறகு அங்கேயும் போட வேண்டும். தடிமன் முழுக்க உருகிச் சேராத மூட்டு, முதல் நாளே விரிசலோடு பிறந்த மூட்டுதான்.

ராடு விஷயத்துக்கு இப்போது வரலாம். கிரில், கேட் வேலைக்குப் பட்டறைகளில் புழங்குவது 6013. சேசிஸுக்கு 7018 வேண்டும். 60, 70 என்ற எண்கள் சதுர அங்குலத்துக்கு 60,000, 70,000 பவுண்டு இழுவிசை வலுவைக் குறிக்கின்றன. ஆனால் அந்த வித்தியாசத்துக்காக இல்லை. 7018-இன் மேல்பூச்சில் ஹைட்ரஜன் மிகக் குறைவு. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உருகிய எஃகுக்குள் புகுந்துகொண்டால், வெல்டிங் ஆறி, ஒரு நாள் கழித்துக்கூட உள்ளுக்குள் விரிசல் விடும். இதில்தான் நம் ஊர்க் காற்று குறுக்கே வருகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் எந்த மாதத்திலும் காற்றில் ஈரம் அதிகம். பாக்கெட்டைப் பிரித்து அலமாரியில் வைத்த 7018 அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் அதற்கும் 6013-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. வெயிலில் காயவைத்தால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், போதாது. 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓவனில் வைக்க வேண்டும். வீட்டில் அந்த ஓவன் இருக்காது. புதுப் பாக்கெட்டை அன்றைக்கே பிரித்து, அன்றைக்கே முடிப்பதுதான் வீட்டில் செய்பவருக்கு நடக்கிற வழி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். ஈரத் தரையில் நின்று வெல்டிங் அடிப்பது உயிருக்கே ஆபத்து என்பது தனி.

3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 90 முதல் 140 ஆம்பியர் வரை ஆகும். ராத்திரி எல்லார் வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில் ஊர்க்கோடி லைனில் வோல்டேஜ் இறங்கினால் மெஷின் முள் காட்டுகிற ஆம்பியர் ராடு முனையில் இருக்காது. மேலே அழகாகப் படிந்திருக்கும், அடியில் உருகியிருக்காது. பகலில், லோடு குறைவான நேரத்தில் செய்வது நல்லது. வெட்டி எடுத்த அந்த ரெண்டடித் துண்டு கையில் இருக்கிறதே, அதே இரும்பு, அதே தடிமன். அதில் முதலில் ஒரு மூட்டுப் போட்டு, வைஸில் பிடித்து வளைத்து உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் அடிவரை உருகியிருக்கிறதா, கசடு மாட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அதில் தேறாத கை சட்டத்தைத் தொட வேண்டாம், ஒரு நல்ல வெல்டரைக் கூப்பிட வேண்டும்.

மடிப்பின் ஓரத்தில் வெல்டிங்கைத் தொடங்குவதும் முடிப்பதும் கூடாது. ராடைத் தூக்கும் இடத்தில் ஒரு சிறு குழி விழும், விரிசல் தொடங்க அதுவே போதும். அதே தடிமனில் ஒரு சின்னத் துண்டை மடிப்பின் ஓரத்தோடு சேர்த்துவைத்து, வெல்டிங்கை அந்தத் துண்டின் மேல் ஓட்டி முடித்து, பிறகு துண்டை அறுத்து ஓரத்தை வழவழப்பாக்க வேண்டும். ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆற வேண்டும். கடைசியாக மேலே புடைத்திருப்பதைக் கிரைண்டரால் சமமாக்கும்போது, தேய்ப்புக் கோடுகள் சட்டத்தின் நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடும் கீறல் ஒவ்வொன்றும் இழுவிசைக்கு எதிரே போட்ட ஒரு வெட்டு.

உள்பக்கம் ஒரு துணைச் சட்டம் வைப்பது நல்லதுதான். ஆனால் மேட்டுப்பாளையத்தில் பார்த்த தகடு மாதிரி இல்லை. சட்டத்தின் உள்ளே பொருந்துகிற சி வடிவத் துண்டு, சட்டத்தின் தடிமனை மிஞ்சாதது, மூட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் தாராளமாக நீள்வது, முனைகள் நேராக வெட்டாமல் சரிவாகச் சீவியது. அதை நடுத்தகட்டில் போல்ட் போட்டு மட்டும் பிடிக்க வேண்டும். முனையில் சரிவு இருந்தால் விறைப்பு படிப்படியாகக் குறையும், ஒரே கோட்டில் போய் நிற்காது. வைக்கும் முன் இரண்டு முகத்திலும் பிரைமர் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன இடுக்குத் துரு இங்கேயே தொடங்கிவிடும்.

அளவு பிசகினால் மற்றதெல்லாம் வீண். வெட்டுவதற்கு முன்பே சேசிஸைச் சமதரையில், ஜாக்கி மேல் இல்லாமல் உறுதியான ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டு அச்சுகளின் புள்ளிகளைத் தரையில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒட்டின பிறகு மூலைக்கு மூலை இழுத்த இரண்டு அளவும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். வெல்டிங் ஆறும்போது சுருங்கி இழுக்கும் என்பதால் முதலில் சிறு புள்ளிகளாக மட்டும் வெல்டிங் வைத்து, அளந்து, பக்கம் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

வண்டியோடு வைத்து வெல்டிங் அடித்தால் பேட்டரி இரண்டு வயரையும் கழற்ற வேண்டும், எர்த் கிளாம்பை மூட்டுக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் மின்னோட்டம் சக்கர பேரிங் வழியாகப் பாய்ந்து அதைத் தின்றுவிடும். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யூ. என்ற எலக்ட்ரானிக் பெட்டியின் பிளக்கையும் எடுத்துவிட வேண்டும். டீசல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் குறைந்த அளவுக்கு, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட், பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், வயரிங் எல்லாம் குறைய வேண்டும். இதில் ஷாஃப்டை மட்டும் வீட்டில் வெட்டி ஒட்டாதீர்கள். இரண்டு முனையிலும் உள்ள கவை வடிவ யோக்குகள் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும், பேலன்ஸ் மெஷினில் சரிபார்க்க வேண்டும். அதற்கென்று இருக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இனி அரசின் சட்ட விதிகள். வண்டி கடலூரின் டி.என். 31 ஆனாலும் புதுச்சேரியின் பி.ஒய். 01 ஆனாலும் இதில் வித்தியாசம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அச்சிடைத் தூரம் ஆர்.சி.யிலேயே மில்லிமீட்டரில் எழுதப்பட்டிருக்கும் விவரம். அதனால் அச்சை நகர்த்தினாலும் வெட்டி ஒட்டினாலும் நேராக இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகிறோம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். டிரெய்லர்தானே, எஞ்சின் இல்லையே என்றும் விட முடியாது. பாடி கட்டாத சேசிஸும் டிரெய்லரும் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே. எனவே ரோட்டில் ஓடப்போகிற வண்டியென்றால் முதல் வேலை கிரைண்டர் வாங்குவது இல்லை, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதற்கு அனுமதி உண்டா என்று கேட்பது. கிடைக்காது என்றால், சின்ன அச்சிடைத் தூரமுள்ள வண்டியாகவே பார்த்து வாங்குவது பணத்துக்கும் உயிருக்கும் நல்லது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பதும் ஆர்.சி.க்கும் வண்டிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதைத்தான். நான் இதில் உறுதியாக இருக்கிறேன்: வீட்டில் சுருக்கின சேசிஸ் தோப்புக்குள், வயலுக்குள், சொந்த இடத்துக்குள் உழைக்கட்டும். அனுமதியில்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பள்ளி வேனுக்குப் பின்னால் அது வர வேண்டாம்.

சொந்த இடத்தில் ஓடுகிற வண்டிக்கும் வேலை முடிந்த பிறகு பார்வை வேண்டும். முதல் சில லோடுகளுக்குப் பிறகு எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி இறுக்குங்கள், புதுப் பரப்புகள் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். மூட்டுக்கும் துணைச் சட்டத்தின் முனைகளுக்கும் மேலே தடிமனான கருப்புப் பெயின்ட் அடிக்காமல் வெளிர் நிறத்தில் மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்தால், விரிசல் விட்டதும் துருக்கோடு ஒன்று வெளியே தெரியும். சந்தேகமாக இருந்தால் டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே இருக்கிறது. பெயின்ட்டை எடுத்துவிட்டு சிவப்புத் திரவத்தை அடித்து, சில நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடித் திரவத்தை அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழுந்து வரும். கோடு தெரிந்தால் அதன் மேலேயே இன்னொரு வரி வெல்டிங் ஓட்டக் கூடாது. சரக்கை இறக்கி, வண்டியை நிறுத்தி, விரிசலை அடிவரை தோண்டி எடுத்துவிட்டு மூட்டை முதலிலிருந்து போட வேண்டும்.